பல்லுக்கொதியும் கிரந்தி உடம்பும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த உரைத் தொடரில் ஆற்றப்பட்ட உரை. சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



சங்கத்திலிருந்து தொலைபேசியில் கதைத்த அக்கா, “பல்லைப் பற்றிக் கதையுங்கோ, ஆனால் காலையும் மாலையும் பல் துலக்குங்கோ எண்டு மட்டும் சொல்ல வேண்டாம். அதை எங்களுக்குத் தரம் ஒன்றிலேயே சொல்லிப்போட்டினம்” என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். எனவே பல்லின் வெளிப்புறத்தை இன்று விட்டுவிடுகிறோம். பல்லுக்கு உள்ளே என்ன நடக்கிறது, உடல் தன்னைக் காப்பதற்காகச் செய்யும் எதிர்வினை அந்தச் சின்ன இடத்துக்குள் ஏன் பெருந்துன்பமாகிறது, அதற்கும் நாம் ‘ஒவ்வாமை’ என்று சொல்வதற்கும் என்ன உறவு என்பதே விடயம். நடுவில் எங்கள் பிழை ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆய்வுகூடத்தின் கரும்பலகை நினைவிருக்கும். ரீச்சர் கடைவாய்ப்பல் ஒன்றை நெடுக்காக வெட்டிய தோற்றமாக வரைவார். மேலே மிளிரி, அதற்குள் பன்முதல், நடுவில் மச்சைக்குழி. மிளிரிக்குக் கோடு கோடாக நிழல், பன்முதலுக்குப் புள்ளிகள். மச்சைக்குழியை மட்டும் வெறுமையாக விட்டு, அதில் இரண்டு வளைந்த கோடுகளை இழுத்து, ‘நரம்பும் குருதிக் கலன்களும்’ என்று எழுதிவிடுவார். மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நாங்களும் அப்படியே பிரதிபண்ணி ஐந்து புள்ளி எடுத்தோம். அந்த வெற்றிடம்தான் பல்லின் உயிர் என்பது பேராதனைக்குப் போய், நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு துண்டு மச்சையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போது நாட்டில் இருந்த ஒரே பல் மருத்துவ பீடம் அதுதான். ரீச்சரைக் குறை சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் அவ்வளவுதான் இருந்தது.

வளர்ந்த ஒருவரின் ஒரு பல்லுக்குள் இருக்கும் மச்சையின் சராசரிக் கனவளவு 0.02 மில்லிலீற்றர். ஒரு சொட்டுத் தண்ணீரில் பாதிகூட இல்லை. 32 பற்களின் மச்சையையும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அந்தச் சொட்டுக்குள் நாடி, நாளம், நரம்பு, நிணநீர் வழி, பன்முதலைக் கட்டும் கலங்கள், காவற்கலங்கள் எல்லாம் இருக்கின்றன. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் வேரின் நுனியில் ஊசித் துவாரம் போன்ற வழி. சுற்றிவர, எந்தப் பக்கமும் விரிந்துகொடுக்காத சுவர்.

சுவர் என்று சொன்னாலும் அது கருங்கல் அல்ல. பன்முதல் முழுவதும் நுண்ணிய குழாய்கள். மச்சைக்கு அருகில் ஒரு சதுர மில்லிமீற்றரில் ஏறத்தாழ 45,000 குழாய்கள் திறக்கின்றன. வெளிப்பக்கம் போகப்போக அவை இடைவெளிவிட்டு, 20,000 அளவுக்குக் குறையும். சூத்தை மிளிரியைக் கடந்து பன்முதலைத் தொட்டவுடன், பற்றீரியாக்கள் வெகு தூரத்தில் இருக்கும்போதே, அவை வெளிவிடும் நச்சுப் பொருட்கள் இந்தக் குழாய்கள் வழியே கசிந்து மச்சையை எட்டிவிடுகின்றன. படலைக்கு வெளியே ஆள் நடமாட்டம் தெரிந்ததும் வீட்டு நாய் குரைப்பதைப் போல, எதிரி வந்து சேருமுன்பே மச்சை விழித்துக்கொள்கிறது.

முதலில் விழிப்பவை குழாய் வாயில்களில் வரிசையாக நிற்கும் பன்முதற் கலங்கள். பற்றீரியாவின் சுவர்த் துண்டுகளை இனங்காணும் உணரிகள் அவற்றில் உண்டு. அவை உள்ளிருந்து புதிய பன்முதலைப் பூசி மதிலைத் தடிப்பாக்கத் தொடங்குகின்றன. பின்னால் கிளைவிட்ட வடிவமுடைய காவற்கலங்கள் அன்னியப் பொருளின் ஒரு துணுக்கைப் பிடித்து, தாடைக்குக் கீழே இருக்கும் நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று காட்டுகின்றன. அங்கே அந்தத் துணுக்குக்கென்றே பயிற்றப்பட்ட வெண்குழியங்கள் உருவாகி, குருதிவழியாகத் திரும்பி வருகின்றன. பிறபொருளெதிரிகள் சுரக்கின்றன, பன்முதற் குழாய்களுக்குள்ளேகூட அவை இறங்குகின்றன. இதைத்தான் நிர்ப்பீடனம் என்று உயர்தர வகுப்பில் பாடமாக்கினோம். வேறு எந்த இழையத்திலும் நடப்பது போலத்தான் இங்கும் நடக்கிறது. இடம்தான் வேறு.

உங்கள் கையில் முள் ஏறினால் என்ன நடக்கும்? அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, நோகும். குருதிக் கலன்கள் விரிந்து, நீரும் வெண்குழியங்களும் இழையத்துக்குள் வந்து குவிவதால் வருவதே வீக்கம். கைக்கு வீங்க இடமிருக்கிறது. மச்சைக்கு அந்த வசதி இல்லை. எங்கள் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் வெட்டியிருந்த பங்கரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் இருக்கும் இடத்தில், ஹெலியின் சத்தம் கேட்டதும் முப்பது பேர் இறங்குவோம். இறங்கிய எல்லோரும் நம்மவர்கள்தான், யாரும் எதிரியில்லை. ஆனாலும் மூச்சு முட்டும், ஒருவர் முழங்கை மற்றவர் வயிற்றில் குத்தும். மச்சை அழற்சியும் இப்படித்தான். காக்க வந்த கூட்டமே நெரிசலாகிறது. படுக்கும்போது தலைக்குக் குருதி கூடுதலாகப் பாய்வதால் நெரிசலும் கூடும். பல்லுக்கொதி ஏன் இரவில் எழுப்புகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதிலே ஒரு திருத்தம். மச்சை வீங்கினால் வேர்நுனியில் குருதிக் கலன்கள் நெரிபட்டு முழு மச்சையும் ஒரே மூச்சில் இறந்துவிடும் என்று பழைய நூல்களில் இருந்தது. பிறகு அளந்து பார்த்தவர்கள் அழுத்தம் அழற்சி உள்ள மூலையில் மட்டும் ஏறுவதையும், பக்கத்திலுள்ள மச்சை அதிகமான நீரை வடித்து அகற்றிச் சமாளிப்பதையும் கண்டார்கள். மச்சை அறை அறையாகத்தான் விழுகிறது. இது சின்ன விடயம்போலத் தோன்றும். ஆனால் விழாத அறைகளைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் பிறந்தது. பின்னால் அதற்கு வருவோம்.

இனி, கிரந்திக்கு வருவோம். எங்கள் ஊரில் பல்லுக்கொதியோடு வரும் அம்மாமாரில் பலர் கதிரையில் ஏறியதும் சொல்வது: “கிரந்திச் சாமான் தின்னக்கூடாது எண்டு தெரியும் பிள்ளை. முந்தாநாள் கத்தரிக்காய்க் கறி ஆசைப்பட்டுச் சாப்பிட்டன், பல்லுக்க இறங்கீட்டுது.” கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாம் பல்லுக்குள் இறங்குவதில்லை. ஆனாலும் அந்த அம்மாமாரின் எண்ணத்தில் பாதி சரி. பல்லுக்குள் நடப்பது அன்னியப் பொருள் ஒன்றுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினைதான். அந்தப் பொருள் எது என்பதில்தான் பிழை.

அது எது என்பதை ஐயமறக் காட்டிய ஆய்வு 1965இல் அமெரிக்காவில் வெளியானது. ககேஹாஷி, ஸ்ரான்லி, ஃபிற்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் செய்தது. எலிகளின் கடைவாய்ப்பல்லைத் துளையிட்டு மச்சையை வெளிக்காட்டி, மூடாமல் அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளில் எட்டாம் நாளுக்குள் மச்சையின் மேற்பகுதி இறந்து, பின்னர் முழுவதும் அழிந்து சீழ்கட்டியது. ஆனால் பிறந்ததிலிருந்து நுண்ணுயிர் எதுவும் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளில், அதே துளை, அதே உணவுத் துணுக்குகள் அடைந்திருந்தும், 14ஆம் நாளளவில் மச்சை தானே பன்முதற் பாலம் கட்டத் தொடங்கி, 21, 28ஆம் நாட்களில் துளையை மூடிவிட்டது. துளையோ உணவோ மச்சையைக் கொல்லவில்லை. பற்றீரியா இல்லாத இடத்தில் அது தன்னைத் தானே குணப்படுத்தியது.

அத்தோடு கதை முடியவில்லை. உயிருள்ள பற்றீரியா நேரடியாகக் கடிப்பதால் சேதமா, அல்லது அதை எதிர்க்கும் உடலின் ஆவேசத்தாலும் சேதமா? 1977இல் சுவீடனின் பேர்கன்ஹோல்ட்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு ஒரு மாட்டுப் புரதத்தை முன்கூட்டியே ஊசியாக ஏற்றி, அதற்கு எதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்கினார்கள். பிறகு பல்லில் குழி தோண்டி, பன்முதலின் மேல் அதே புரதத்தை வைத்தார்கள். அதில் உயிர் இல்லை, நஞ்சு இல்லை. ஆனாலும் அந்தக் குரங்குகளின் மச்சையில் அழற்சி மூண்டது. உடல் ஒரு பொருளை முன்பே அறிந்து பகைத்திருந்தால், அது குழாய் வழியாகக் கசிந்து வந்தாலே போதும்.

ஜெல், கூம்ஸ் என்ற இரு பிரித்தானியர் 1963இல் இத்தகைய மிகை எதிர்வினைகளை நான்காக வகுத்தார்கள். தேனீ குத்தியதும் சில நிமிடங்களில் உடல் முழுவதும் தடிப்பது முதலாம் வகை. பிறபொருளெதிரியும் அன்னியப் பொருளும் சேர்ந்து இழையத்தில் படிந்து அழற்சியை மூட்டுவது மூன்றாவது, வெண்குழியங்கள் நாட்கணக்கில் மெதுவாகத் திரண்டு தாக்குவது நான்காவது. இரண்டாவது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. பல்லின் மச்சையில் நடப்பது பெரும்பாலும் மூன்றும் நான்கும். முதலாம் வகையைப் பற்றி நாங்கள் வேறோர் இடத்தில் பாடம் படித்தோம்.

பட்டம் பெற்று மூன்றாம் வருடம். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். வெளிநோயாளர் நாள். வாங்கு நிறைந்து விறாந்தையிலும் ஆட்கள். மதியம் தாண்டிய பிறகு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா வந்தார். அவர் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்போம்! 1995இல் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரே வளவில் இருந்தபோது எங்களுக்கும் சேர்த்துத்தான் அவர் உலை வைத்தார். கீழ்க் கொடுப்புப்பல்லில் பெரிய சூத்தை. மூன்று இரவு நித்திரை இல்லை. முகம் வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை. மச்சை அழற்சி என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. செய்யவேண்டியது, விறைப்பூசி போட்டு, பல்லைத் திறந்து, நெரிசலை வெளியேற்றுவது. இருபது நிமிட வேலை. வெளியே காத்திருந்தோரைப் பார்த்துவிட்டு, “அம்மா, அடுத்த செவ்வாய் வாங்கோ, வடிவாகச் செய்வம். அதுவரைக்கும் இதைப் போடுங்கோ” என்று அமொக்சிசிலினும் பனடோலும் துண்டில் எழுதினோம்.

எழுதுமுன் கேட்டோம்தான். “மருந்து ஏதும் ஒவ்வாமை இருக்கோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை. கொஞ்சம் கிரந்தி உடம்புதான்.”

ஊரில் பாதிப் பேர் சொல்லும் வசனம். சிரித்துவிட்டு எழுதினோம்.

நல்ல மனுசி. சொன்னதைச் சொன்னபடி செய்பவர். மருந்து வாங்கியதும், தண்ணீர்க் குழாயடியிலேயே முதற் கப்சூலை விழுங்கியிருக்கிறார். வாசலில் ஓட்டோ ஏறிக் கொஞ்சத் தூரம் போகுமுன் உள்ளங்கை கடித்தது. பிறகு உதடு தடித்தது. பிறகு மூச்சு இழுத்தது. ஓட்டோக்காரத் தம்பி புத்திசாலி, திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவசர சிகிச்சைப் பிரிவில் அவர் முகத்தை அடையாளம் தெரியவில்லை. நாடித்துடிப்பு கையில் அகப்படவில்லை. அங்கிருந்த வைத்தியர் தொடையில் 0.5 மில்லிகிராம் அட்ரீனலின் ஊசியைப் போட்டு, ஒட்சிசன் பிடித்து, காலை உயர்த்தி, சேலைன் ஏற்றினார். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது ஊசி. அதற்குப் பிறகுதான் மூச்சு இறங்கியது.

மறுநாள் வார்ட்டில் அவர் தலைமாட்டில் நின்று, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டோம். “அம்மா, கிரந்தி எண்டு சொன்னீங்களே, அது எப்ப, எதுக்குப் பிறகு வந்தது?” அவர் யோசித்துச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டை நோவுக்கு ஒரு தனியார் மருந்தகத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கப்சூல் கொடுத்தார்களாம். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் தடித்துக் கடித்ததாம். அன்றைக்கு வீட்டில் இறால் சமைத்ததால் இறால்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதிலிருந்து அவர் இறால் தொடுவதில்லை. அவர் தன் மொழியில் சரியாகத்தான் சொல்லியிருந்தார். கேட்கத் தெரியாமல் போனது எங்களுக்கு.

இன்னொன்றையும் அவர் சொன்னார், முறைப்பாடாக அல்ல: “எல்லாம் சுகம் பிள்ளை. பல்லுக்கொதி மட்டும் அப்பிடியே இருக்கு.” அந்தக் கப்சூல் அவருடைய உடம்பு முழுவதையும் கலக்கிவிட்டு, பல்லை மட்டும் தொடாமல் விட்டிருந்தது. அன்று பின்னேரமே, உரிய ஆயத்தங்களோடு, பல்லைத் திறந்தோம். இரவு நித்திரை கொண்டார்.

ஏன் தொடவில்லை? உயிரோடு அழற்சியுற்றிருக்கும் மச்சையில் நோவைத் தருவது நெரிசலும் அதில் சுரக்கும் இரசாயனங்களும். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து அந்த நெரிசலைக் குறைப்பதில்லை. மச்சை இறந்தபிறகோ, அதற்குள் குருதி ஓட்டம் இல்லை. குருதி போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வகை நோவுள்ள 40 பேரைத் தெரிந்து, ஒரு பகுதியினருக்குப் பெனிசிலினும் மற்றவர்களுக்கு வெறும் மாவுக் குளிசையும் ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நோவிலும், அவர்கள் விழுங்கிய நோக்குளிசைகளின் எண்ணிக்கையிலும் வேறுபாடு இருக்கவில்லை. 2019இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும், பல்லுக்கு உரிய சிகிச்சையை உடனே செய்யக்கூடிய இடத்தில், மற்றபடி உடல்நலமுள்ள வளர்ந்தவர்களுக்கு இந்த நோவுக்கு நுண்ணுயிர்கொல்லி வேண்டாம் என்றே சொல்கிறது.

“இல்லை டொக்டர், போனமுறை ஐந்து நாள் குளிசை போட எனக்கு நிண்டது” என்பார்கள். நின்றிருக்கும். அந்த ஐந்து நாளில் மச்சை இறந்திருக்கும். இறந்த நரம்புக்கு நோவு இல்லை. பேர் குளிசைக்குப் போய்விடுகிறது. ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து வேர்நுனியில் சீழ்கட்டி முகம் வீங்கும்போது, அது புது வருத்தம் என்று நினைக்கிறோம். கொதி தானாக நின்றால்தான் நீங்கள் கூடுதலாகப் பயப்படவேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடும் கூச்சம் மச்சை இன்னும் தாக்குப்பிடிப்பதைக் காட்டுகிறது. தண்ணீரை விழுங்கிய பிறகும் நிமிடக்கணக்கில் நிற்கும் நோவு, காரணமின்றித் தானே கிளம்பும் நோவு, நித்திரையால் எழுப்பும் நோவு ஆகியவை காத்திருக்கக் கூடாதவை.

நுண்ணுயிர்கொல்லி தேவைப்படும் வேளையும் உண்டு. முகம் அல்லது கழுத்து வீங்கிப் பரவினால், காய்ச்சல் இருந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கடினமென்றால் அது அவசரம். வீட்டில் நிற்க வேண்டாம், இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றபடி பல் வைத்தியரிடம் போகும்வரை பனடோல், ஒத்துக்கொள்பவர்களுக்கு ஐபுபுரொஃபென். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரொஃபெனைக் கேட்காமல் போடக்கூடாது. காய்ச்சலும் இருந்தால், எங்கள் நாட்டில் டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை அது வேண்டவே வேண்டாம். கராம்பு எண்ணெய் ஒரு சொட்டுப் பஞ்சில் வைப்பதை எங்கள் பேராசிரியர்களும் மறுக்கவில்லை, கராம்பிலுள்ள யூஜினோல் நரம்பை உண்மையாகவே அடக்கும். ஆனால் போத்தலைக் கவிழ்த்தால் முரசு வெந்துபோகும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்திருக்கும் தோழிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊருக்கு வந்து திரும்பும்போது உங்கள் சூட்கேசில் ஒடியல் மாவுக்கும் மிளகாய்த் தூளுக்கும் இடையில் என்ன போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அங்கே பல் வைத்தியம் செலவு, நேரம் எடுக்கவும் கஷ்டம், உண்மைதான். ஆனால் யாரோ ஒருவருக்கு எழுதிய அமொக்சிசிலினில் மிச்சத்தைத் துணைவருக்கும் மாமியாருக்கும் பகிர்ந்துகொடுப்பதை நிறுத்துங்கள். எங்கள் தோழியின் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தியசாலை இருந்தது. பனிக்காலத்து இரவில், தனியாக இருக்கும் வீட்டில் அது நடந்தால்?

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ‘பெனிசிலின் ஒவ்வாது’ என்று கொப்பியில் எழுதப்பட்டவர்களை உரிய முறையில் சோதித்தால், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு அந்த ஒவ்வாமை இல்லை என்று தெரியவருகிறது. சின்ன வயதில் வைரசுக் காய்ச்சலோடு வந்த தடிப்பு, வயிற்றோட்டம், சத்தி எல்லாம் ஒவ்வாமை என்று பதிவாகி, ஆயுள் முழுவதும் நல்ல மருந்தொன்று மறுக்கப்படுகிறது. பல் விறைக்கும் ஊசியிலும் இதே கதை. ஊசியைக் கண்டு மயங்கியவர்களும், அதிலுள்ள அட்ரீனலினால் நெஞ்சு படபடத்தவர்களும் ‘எனக்கு அந்த ஊசி சரிவராது’ என்பார்கள். உண்மையான ஒவ்வாமை அங்கே மிக அரிது. இதையெல்லாம் வீட்டிலிருந்து சோதித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் என்ன நடந்தது என்று வைத்தியரிடம் ஒழுங்காகச் சொல்ல முடியும். எந்த மருந்து, விழுங்கி எவ்வளவு நேரத்தில், உடம்பில் என்ன தெரிந்தது, அப்போது என்ன செய்தார்கள். அன்றிலிருந்து நாங்களும் ‘ஒவ்வாமை இருக்கா’ என்று கேட்பதை விட்டுவிட்டோம். “எந்தக் குளிசை, எந்த ஊசிக்குப் பிறகாவது உடம்பு கடிச்சதோ, தடிச்சதோ, மூச்சு முட்டினதோ? கிரந்தி எண்டு ஆரும் சொன்னவையோ?” என்று கேட்கிறோம். நேரம் எடுக்கத்தான் செய்கிறது.

அந்த அம்மாவின் மச்சையை அன்று எங்களால் காப்பாற்ற முடியவில்லை. முழுவதையும் அகற்றி வேர்ச் சிகிச்சை செய்தோம். அறை அறையாகத்தான் மச்சை விழுகிறது என்று முன்னே சொன்னோம் அல்லவா? மீதியைக் காக்கும் முயற்சிக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1920இல் ஜேர்மனியின் ஹேர்மன், கல்சியம் ஐதரொட்சைட்டைப் பல்லுக்குள் பயன்படுத்தத் தொடங்கினார். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்புதான், தூய வடிவில். அது பட்ட மச்சை மேற்பரப்பில் வெந்து, அதன் கீழே பன்முதற் பாலம் கட்டும். (யாரும் சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திறந்து பல்லில் வைத்துவிடாதீர்கள். வாய் வெந்துபோகும்.) பாற்பற்களுக்குப் போமோகிரெசோல் என்ற திரவம் பல பத்தாண்டுகள் ஓடியது. அதிலுள்ள போமல்டிகைட்டு மச்சையைப் பதப்படுத்திவிடும். ஆனால் அப்படிப் பதப்பட்ட சொந்தப் புரதத்தையே உடல் அன்னியமாகக் கருதி எதிர்க்கக்கூடும் என்று விலங்கு ஆய்வுகளில் கண்டார்கள். 2004இல் போமல்டிகைட்டு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையிலும் சேர்ந்தது. எங்களுக்கு அதன் மணத்தைப் பிரிந்ததில் கவலை இல்லை.

1990களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் தொராபினெஜாட் என்பவர் கொண்டுவந்த பொருள்தான் எங்களை வியக்கவைத்தது. எம்ரிஏ என்று சுருக்கமாகச் சொல்வோம். அது என்ன தெரியுமா? பெரும்பகுதி போட்லண்ட் சீமெந்து. எக்ஸ்கதிர்ப் படத்தில் தெரிவதற்காகக் கொஞ்சம் பிஸ்மத் ஒட்சைட்டு. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது மூடப்பட்ட காங்கேசன்துறை ஆலையில் அரைத்ததற்கு, தூய்மைப்படுத்திய ஒன்றுவிட்ட சகோதரம். ஒரு பற்றீரியாத் துணுக்கைக் கண்டால் படையெடுக்கும் மச்சை, இந்தச் சீமெந்தைச் சத்தமின்றி ஏற்றுக்கொண்டு அதன் கீழே மதில் கட்டுகிறது. ஈரத்தில் இறுகி, வெளியிலிருந்து எதுவும் கசியாமல் அது அடைப்பதுதான் பெரிய காரணம். எலிகளின் கதைதான் திரும்பவும்: பற்றீரியாவை வெளியே நிறுத்தினால் மச்சை தன் வேலையைப் பார்க்கும். முன்பு ‘இனி மீளாது’ என்று முழு மச்சையையும் அகற்றிய பல பற்களில், இப்போது அழற்சியுற்ற மேற்பகுதியை மட்டும் வெட்டி, இத்தகைய சீமெந்தால் மூடி, வேருக்குள் உயிரை விட்டுவைக்க முடிகிறது. ஐரோப்பிய வேர்ச் சிகிச்சைச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையும் இந்த வழியைக் கருத்திற்கொள்கிறது. எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது, எல்லா வைத்தியசாலையிலும் பொருள் கிடைப்பதுமில்லை, விலையும் அதிகம். ஆனால் ‘பிடுங்குங்கோ டொக்டர், கரைச்சல் தீரட்டும்’ என்று சொல்லுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குறிப்பாக உங்கள் பிள்ளைகளுக்கு. புதிதாக முளைத்த நிரந்தரப் பல்லின் வேர் முற்றாக வளர்வதற்கு இன்னும் சில வருடம் எடுக்கும், அதை வளர்ப்பது மச்சைதான்.

அந்த அம்மா இப்போது மகளோடு கனடாவில் இருக்கிறார். பல்லும் இருக்கிறது, தொப்பி போட்டபடி. தோழி அவருடைய கைப்பைக்குள் ஓர் அட்டை வைத்திருக்கிறாள், ஒருபக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ்: அமொக்சிசிலின், 500 மில்லிகிராம், விழுங்கிச் சில நிமிடத்தில் மூச்சு முட்டியது, இரண்டு முறை அட்ரீனலின். இறால் திரும்பவும் சாப்பிடத் தொடங்கிவிட்டாராம். கத்தரிக்காயையும் அந்த அட்டையில் எழ்தச் சொல்லி இன்னும் கேட்கிறாராம். தோழி எழுதவில்லை.